இரண்டாம் ராசா

நாரந்தனை,
20.04.2024

அன்பின் கோசலா,

நிற்கிறீரா, இருக்கிறீரா? நின்றால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு வாசியும். எனக்குப் படம் கிடைத்திருக்கிறது. குறும்படம் அல்ல, முழுப்படம். கிழவியாக வந்து பாதியில் கண்ணை மூடுகிற வேலையும் அல்ல. போன வருடம் ஒரு படத்தில் செத்தவீட்டுப் பந்தல் போட்டு முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இது வேறு. கதை முழுக்க நான்தான்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தொலைபேசிக் கதை தெரியும்தானே. நான் கத்துவேன், நீர் அழுவீர், உம்முடைய மனுசன் வசீகரன் ஓடிவந்து "ஆர் செத்தது?" என்று கேட்பார். இந்த விசயத்தை அப்படிக் கத்தி முடித்துவிட எனக்கு மனமில்லை. எழுதும்போது இன்னொரு தரம் சந்தோசப்படலாம் என்றுதான் இந்த மின்னஞ்சல். நீரும் எழுதியே பதில் போடும்.

இந்தத் தவசு காலத்தில் எங்கள் கோவிலில் பெண்கள் மட்டும் சேர்ந்து திருப்பாடுகளின் காட்சி போட்டோம். நான் யூதாஸ். நான் முத்தம் கொடுக்கிற இடத்தில் முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் எழும்பித் தாய்மாரிடம் ஓடிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் தர்சன் என்று யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன். பொடியன் என்றாலும் முப்பது தாண்டியிருக்கும். குறும்படம் எடுத்து நல்ல பெயர். ஒட்டின தாடியோடு நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, பொம்பிளையாயும் நடிப்பீங்களோ?" என்று கேட்டான்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து வீட்டில அதுதானே நடிக்கிறன்" என்றேன்.

பிறகு சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னைச் சோதித்தான். அங்கேதான் மானம் போனது. முதல் வசனத்தைச் சொன்னேன், நின்றேன். இரண்டாவதைச் சொன்னேன், மறுபடி நின்றேன். மறந்து போச்சோ என்று கேட்டான். "இல்லையப்பு, பிற்பாட்டுக்காரருக்கு இடம் விட்டனான்" என்றேன். கூத்தில் நாங்கள் பாடின வரியை அவர்கள் திருப்பிப் பாடி முடிக்கும்வரை நின்று பழகின உடம்பு, யாருமில்லாத கடற்கரையிலும் நிற்கிறது. கமராக்காரன் சிரிப்பை அடக்க ஏலாமல் சவுக்கு மரங்களுக்குள் போய்விட்டான். தர்சன் சிரிக்கவில்லை. அந்த நிற்பை விட்டுவிட வேண்டாம், அதற்குள்தான் முகத்தில் ஏதோ நடக்கிறது என்றான்.

கதை இதுதான். அனலைதீவில் பூமணி என்று ஒருத்தி. கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை. ராசியில்லாதவள் என்று மாமி ஒதுக்க, அவளே தோணியை எடுத்துக்கொண்டு தொழிலுக்குப் போகிறாள். பிறகு பிள்ளையோடு பிரான்சுக்குப் போய், இருபது வருடம் கழித்து, படுக்கையில் கிடக்கும் மாமியைப் பார்க்கத் திரும்பி வருகிறாள். ஆகஸ்டில், சோளகக் காற்று வீசும்போது எடுக்கப் போகிறார்கள்.

எனக்கு நாற்பத்தாறு. ராசாவாக ஆடியிருக்கிறேன், வானொலியில் பேயாகப் பேசியிருக்கிறேன், சுகாதாரத் திணைக்களத்துக்காகச் சந்தியில் டெங்கு நுளம்பாகக்கூடப் பறந்திருக்கிறேன். என் சொந்த முகத்தோடு ஒரு கதையைத் தொடங்கி முடிக்க ஒருவர் வந்திருப்பது இதுதான் முதல். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "நுளம்புக்கும் இப்பிடித்தான் இறங்கேல்லை" என்கிறார் வீட்டுக்காரர்.

உம்முடைய,
ஜசிந்தா

*

பாரிஸ்,
23.04.2024

என் முதல் ராசாவுக்கு,

நான் இருக்கவில்லை, நின்றுகொண்டுதான் வாசித்தேன். நான் வேலை செய்கிற பாடசாலைச் சமையலறையில் இருக்கக் கதிரை இல்லை. கரட் வெட்டுகிற மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்து வாசித்து, அங்கேயே அழுதும் விட்டேன். பெரிய சமையல்காரி கத்தி வெட்டிவிட்டது என்று நினைத்து மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தாள். என்னுடைய சிநேகிதி நடிகை என்று சொன்னேன். உடனே, அழகியா என்று கேட்டாள். நீர் அனுப்பின யூதாஸ் போட்டோவைக் காட்டினேன். மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் எனக்கு மனவருத்தம். சாட்டிக்குப் போகிற அன்றைக்கே ஏன் எழுதவில்லை? கிடைக்காமல் போனால் எனக்குச் சொல்லாமலே விட்டிருப்பீர். இருபது வருடமாக நீர் மேடையேறின ஒவ்வொரு முறையும் இங்கே நான் சாமிக்கு விளக்கு வைப்பேன். அந்த உரிமையை எனக்குத் தராமல் விட்டது சரியில்லை.

ஒரு விசயம் சொல்ல வேண்டும், குறை நினையாதேயும். பூமணி திரும்பி வருகிற இடத்தை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நான் வேலணைக்கு வந்தபோது, வாசலில் நின்று அழுவேன் என்று எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே இருட்டாக இருந்தது, கை தன்பாட்டில் லைற் சுவிச் இருந்த இடத்துக்குப் போனது. அதை மற்றச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். வெறும் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு ஊரை விட்டுப் போனது விளங்கியது. பூமணியும் வாசலில் அழாமல், எதையாவது கையால் தேடட்டும்.

நீர் அதை எப்படிச் செய்வீர் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
கோசலா

*

நாரந்தனை,
27.04.2024

கோசலா,

நீர் எழுதினதைத் தர்சனுக்கு வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ்சில், பண்ணைப் பாலத்துக்கு மேலே, நின்றபடி. அவன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பக்கத்துச் சீற்றின் முதுகைத் தடவிப் பார்த்தான். அதில் இருந்த மனுசி அவனை முறைத்தா. பிறகு, இதை எழுதினது ஆர் என்று கேட்டான்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வந்த உடனே வாயிலும் வந்துவிட்டது.

நாங்கள் பல்கலைக்கழகத்தில் போட்ட கூத்தைச் சொன்னேன். கூத்திலே ஒரு ராசாவை ஒரே ஆள் விடிய விடிய ஆட ஏலாது, இரண்டு மூன்று பேர் பிரித்து ஆடுவோம், போர் வரைக்கும் முதல் ராசா நான், தோற்றுப்போன பிறகு இரண்டாம் ராசா கோசலா என்றேன். சனம் குழம்பாதா என்று கேட்டான். ஒருக்காலும் குழம்பினதில்லை. எங்கள் அம்மா செபஸ்தியம்மாவிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்லுவா: "கிரீடம் ஆற்ற தலையில இருக்கோ அவர்தான் ராசா. இதில என்ன குழப்பம்? வேலணைப் பிள்ளை சிம்மாசனத்தில வந்து இருந்த கையோட நான் அழுதிட்டன். உன்ர பாட்டுக்கு நித்திரை கொண்டனான்."

ஆகவே சொன்னேன்: ஊரில் இருக்கிற பூமணி நான், திரும்பி வருகிற பூமணி கோசலா. ஊரை விட்டு ஒருநாளும் போகாதவள் முதற்பாதி. போனவள் மறுபாதி. வேறெந்தச் சினிமாக்காரனுக்கும் இப்படி இரண்டு பேர் கிடைக்குமா?

தர்சன் வேலணைச் சந்தியில் இறங்கும்போது, "அவவை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ அக்கா" என்றான். பூமணி பிரான்சில் குசினியில் நிற்கையில், மாமி படுக்கையில் கிடந்து உன்னைக் கேட்கிறா என்று தொலைபேசி வருகிறது. அவ்வளவுதான் காட்சி. வசனம் நீரே வைத்துக்கொள்ளலாம்.

கோசலா, திரும்பவும் ஒரே உடுப்பில் நாங்கள் இருவர். எனக்கு இருக்க ஏலாமல் இருக்கிறது.

ஜசிந்தா

*

பாரிஸ்,
30.04.2024

ஜசிந்தா,

உமக்கு விசர். அன்பாகச் சொல்கிறேன், முழு விசர்.

நான் மேடையேறி இருபது வருடம். இங்கே தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். ஆசையோடு போனேன். திரை இழுக்க விட்டார்கள். அடுத்த வருடம் றோல்ஸ் பொரிக்க. நன்றாகப் பொரித்தேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதுதான். என்னுடைய மகள் மேனுகாவுக்கு நான் கூத்தாடினதே தெரியாது. நேற்றுச் சொன்னபோது, எந்தத் தாய் தன் பிள்ளையிடம் ராசாவாக இருந்ததை மறைப்பாள் என்று சண்டைக்கு வந்தாள்.

வசீகரனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "ஆகஸ்ட்டில உமக்கு லீவுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேண்டாம். இது உம்முடைய படம். நான் இங்கேயிருந்து விளக்கு வைக்கிறேன், அது போதும்.

கோசலா

*

நாரந்தனை,
01.05.2024

கோசலா,

சின்னக் கடிதம். இன்றைக்கு மே தினம், படிப்பிக்கப் போகத் தேவையில்லை, குசினியில் சூடை மீன் கிடக்கிறது, பூனை பார்த்துக்கொண்டிருக்கிறது.

உமக்குத் துணிவில்லை என்றால் அதை எழுதும், விடுகிறேன். என்னுடைய படம் என்று எனக்குத் தானம் பண்ணவேண்டாம். முதற்பாதி என்னுடையது. அதை ஒருத்தரும் பிடுங்க ஏலாது. மறுபாதிக்குத்தான் கூப்பிடுகிறேன்.

ஜசிந்தா

*

பாரிஸ்,
05.05.2024

ஜசிந்தா,

அனுப்பிவிட்டேன். திட்டாதேயும், சிரியாதேயும். மேனுகாதான் பிடித்தாள். முதல் தரம் எடுத்தது சரியில்லை என்று அவளே சொன்னாள்: "அம்மா, நீங்க அழப்போறீங்க எண்டு முதலே தெரியுது." பதினைந்து வயது, வாயைப் பாரும். பிறகு இன்றைய ஞாயிற்றுக்கிழமைச் சமையலை உண்மையாகவே தொடங்கினேன். அவள் கைபேசியோடு நிற்பதை மறந்து போனேன்.

முடிந்த பிறகு குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். இது எனக்குள் இவ்வளவு காலமும் எங்கே கிடந்தது?

கோசலா

*

நாரந்தனை,
08.05.2024

என் இரண்டாம் ராசாவுக்கு,

பார்த்தேன். தர்சனோடு இருந்து, அவனுடைய கணினியில், பெரிதாகப் பார்த்தேன்.

அரிசி களைகிறீர். தொலைபேசி வருகிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்கிறீர். "ஓம்." பிறகு "ஓம்." பிறகு "எப்பயிலயிருந்து?" அவ்வளவுதான் வசனம். வைத்துவிட்டு மறுபடி அரிசி களைகிறீர். தண்ணீர் தெளிந்துவிட்டது. ஊற்றிவிட்டு மறுபடி களைகிறீர். இன்னும் களைகிறீர். இப்படியே அரிசி முழுக்கக் கரைந்து போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை, கை மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது.

நான் எப்போதும் கடைசி வரிசைக்கு நடிக்கிறவள். தூரத்தில் பாயில் இருக்கிற மனுசிக்கும் விளங்கவேண்டும் என்று. நீர் ஒருத்தருக்குமே நடிக்கவில்லை. இதை எங்கே படித்தீர்? றோல்ஸ் பொரிக்கிற இடத்திலா?

தர்சன் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். நான் அவனுடைய முதுகில் ஒரு அடி போட்டு, "சொன்னனான் எல்லோ!" என்றேன். அவன் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் சொன்னேன். ஆகஸ்டுக்கு உமக்கென்று அறை ஒதுக்கியாயிற்று. அலுமாரியில் ஒரு தட்டும் காலி பண்ணிவிட்டேன். படகுத்துறைக்கு வந்து ஊர்காவற்றுறையே பார்க்கும்படி கையைக் காட்டுவேன். வாரும்.

ஜசிந்தா

*

பாரிஸ்,
12.05.2024

ஜசிந்தா,

இதை எழுதத் தொடங்கி, அழித்து, திரும்பவும் தொடங்கியிருக்கிறேன்.

நேற்றுத் தர்சன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஜசிந்தாவுக்கு முதலில் சொன்னீரா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார், உம்முடைய முகத்துக்கு நேரே சொல்லத் தனக்குப் பயமாக இருக்கிறதாம். அது பிழை என்று அவருக்குச் சொன்னேன். ஆகவே நான் சொல்கிறேன், என்னிடமிருந்தே கேளும்.

பூமணியை இரண்டு பேருக்குப் பிரிக்க ஏலாதாம். கூத்திலே கிரீடத்தைப் பார்த்து ராசாவை அறிகிறார்கள், சினிமாவில் முகத்தைப் பார்த்துத்தான் அறிவார்கள் என்கிறார். ஒரு முகம்தான் வேண்டுமாம். இரண்டு பாதியும் நான் செய்யவேண்டுமாம்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஜசிந்தாவிடம் கேட்கவேண்டும் என்றேன்.

நீர் "வேண்டாம்" என்று ஒரு சொல் எழுதும். அன்றைக்கே அவருக்கு மறுத்து எழுதிவிடுவேன். காரணம் கேட்கமாட்டேன், வாழ்நாளில் இந்தக் கதையை எடுக்கவும் மாட்டேன். இது சத்தியம்.

ஆனால் உமக்குப் பொய் எழுத எனக்கு வராது. எனக்கு அது வேண்டும், ஜசிந்தா. றோல்ஸ் பொரித்த ஒவ்வொரு வருடமும் எனக்கு இது வேண்டியிருந்திருக்கிறது, தெரியாமல் இருந்திருக்கிறேன். அதை உம்மிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோசலா

*

பாரிஸ்,
20.05.2024

ஜசிந்தா,

பதில் இல்லை. கூப்பிட்டால் வீட்டுக்காரர் எடுத்து, நீர் தோட்டத்தில் நிற்கிறீர் என்கிறார். உங்களுக்குத் தோட்டமே இல்லை.

நான் மறுத்து எழுதட்டுமா?

கோசலா

*

நாரந்தனை,
22.05.2024

கோசலா,

மறுத்து எழுதாதேயும்.

இந்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். உம்முடைய கடிதம் வந்த அடுத்த நாள் தர்சன் வீட்டுக்கு வந்தான். இந்தப் பக்கம் பாராமல் அம்மாவோடு மழையைப் பற்றிக் கதைத்தான். நான் சாப்பாடு போட்டேன். நன்றாகவே போட்டேன், நண்டுக் கறி. அவன் நண்டுக் கோதை உடைக்கத் தெரியாமல் நின்றபோது, "கோசலா வந்து உடைச்சுத் தருவா, இரும்" என்றேன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எனக்கு அது நல்ல சந்தோசமாக இருந்தது. அவ்வளவு கெட்டவளாக இருந்தேன்.

பிறகு வகுப்பில் பிள்ளைகளோடு எரிந்து விழுந்தேன். அலுமாரியில் காலி பண்ணின தட்டில் பழைய சேலைகளைத் திணித்தேன். உமக்கு "வேண்டாம்" என்று எழுதினேன். உண்மையாகவே எழுதி, அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். அனுப்பாததற்குக் காரணம் என்னுடைய நல்ல மனம் என்று நினையாதேயும். அந்த வீடியோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டேன், அதுதான் காரணம். பிழை பிடிக்கவென்றே பார்த்தேன். அரிசி களைகிற சட்டி சின்னது. அதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. நான் பூமணியாக நடித்தால், படம் ஓடும் நேரமெல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரியும்.

தர்சன் செய்தது பிழை இல்லை, சொன்ன விதம்தான் பிழை. சினிமாவைக் கூத்து என்று நினைத்தது நான். பாதி பாதியாக உடுத்தலாம் என்று நானே போய்ச் சொன்னேன். இப்போது நாற்பத்தாறு வயதில் எனக்கு வந்த ஒரே கதையை என் வாயாலேயே கொடுத்துவிட்டு நிற்கிறேன். இது எனக்கு ஆறாது. ஆறிவிட்டது என்று உமக்கு எழுதி, உம்மை நிம்மதியாகப் படத்தில் நடிக்க விடமாட்டேன்.

போகும்போது தர்சன் கதிரையில் ஒரு கட்டுக் கடதாசியை வைத்துவிட்டுப் போனான். மாமியின் பகுதி. நான் தொடவில்லை. அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "பிள்ளை, இந்தக் கிழவி சரியான பொல்லாதவள். உனக்கு நல்லாய் வரும்" என்றா.

வாசித்தேன், கோசலா. இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. மகன் வராத கடலைப் பார்த்துக்கொண்டு மருமகளை ஏசுகிறா. ஏசுவதை நிறுத்தினால் மகன் செத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் நிறுத்தவே முடியாமல் ஏசுகிறா. அவ எப்படி நடப்பா என்று எனக்கு உடனே தெரிந்தது. இடது கால் முதலில், குதியை நிலத்தில் குத்தி. நான் குசினியிலிருந்து கிணற்றடி வரைக்கும் அப்படியே நடந்தேன். வீட்டுக்காரர் கோழிக் கூட்டடியில் நின்று பார்த்துவிட்டு, "இது ஆர் புதுசா?" என்றார். வெற்றிலை போடப் பழகுகிறேன், வாய் வெந்துவிட்டது. நேற்று மதியம் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன். தர்சனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நீர் திரும்பி வருகிற காட்சியில் மாமிக்கு ஒரேயொரு வசனம். "சாப்பிட்டியோ?" அவ்வளவு காலம் ஏசின வாய் அதைச் சொல்லவேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆகஸ்டுக்குள் கண்டுபிடிப்பேன்.

இனி உமக்குச் சில காரியம். எங்கள் வீட்டில் தங்க ஏலாது; அனலைதீவில் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். படகுத்துறைக்கும் நான் வரமாட்டேன். படப்பிடிப்பு முடியும்வரை இதுதான் என்னுடைய கடைசிக் கடிதம், நீரும் எழுதாதேயும். மாமியும் மருமகளும் கதை பேசிச் சிரித்துவிட்டு வந்து கமராவுக்கு முன் நிற்க ஏலாது. இதில் பாதி தொழிலுக்காக. பாதி கோபத்தில். எது எந்தப் பாதி என்று கேளாதேயும், எனக்கே தெரியாது.

முற்றத்துச் சண்டைக் காட்சியில் நான் உம்முடைய தலைமயிரைப் பிடித்து இழுக்கவேண்டும். கை பிடிக்க ஏற்றமாதிரி வளர்த்துக்கொண்டு வாரும். எண்ணெய் வையாதேயும், வழுக்கும். மெல்லமாக இழுப்பேன் என்று நினைத்து வராதேயும்.

இப்படிக்கு,
மாமி